சொந்த வீட்டை விக்கப் போறீங்களா? போர்டு மாட்டுறதுக்கு முன்னாடியிருந்து சாவி குடுக்குற வரைக்கும் முழு வழிகாட்டி

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் பழைய தனி வீடு, ரீசேல் ஃபிளாட் ரெண்டும்தான் ஒரு புரோக்கரா நான் அதிகமா பண்றது. இதுல புதுசா வீடு விக்க வர்றவங்களும் சரி, புதுசா இந்த தொழிலுக்கு வர்ற பசங்களும் சரி, தடுக்கி விழுறது ஒரே இடத்துலதான். விலையைப் பேசிட்டு, பார்ட்டியைப் பிடிச்சிட்டு, அட்வான்ஸும் வாங்கிட்டு, அதுக்கு அப்புறம்தான் பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுக்குறாங்க. அப்போதான் ஒவ்வொண்ணா கிளம்பும். அதனால கீழ இருக்குற வரிசையை மாத்தாம போங்க, ஒவ்வொரு படியும் அடுத்த படிக்கு வேணும். இது தமிழ்நாட்டுக்கான கணக்கு, வேற ஸ்டேட்ல ஸ்டாம்ப் டியூட்டியும் பழக்கமும் வேற.

1. வீடு யார் பேர்ல இருக்கு, விக்க யாருக்கெல்லாம் உரிமை இருக்கு

அப்பா பேர்ல வீடு, அப்பா தவறிட்டாரு, அம்மாவும் பிள்ளைங்களும் விக்கணும். நம்மகிட்ட வர்றதுல பாதி இந்த மாதிரிதான். முதல்ல தாசில்தார் ஆபீஸ்ல குடுக்குற வாரிசு சான்றிதழ் கையில இருக்கான்னு பாருங்க, இல்லன்னா இ-சேவை மையத்துல இன்னைக்கே அப்ளை பண்ணுங்க. விஏஓ, ஆர்ஐ விசாரணை எல்லாம் முடிஞ்சு வர நாள் எடுக்கும், இது வராம ஒண்ணும் நகராது.

இங்க எல்லாரும் விடுற ஒரு தப்பு இருக்கு. ஒரு இந்து ஆண் உயில் எழுதாம இறந்துட்டா, அவரோட சுயசம்பாத்திய சொத்து மனைவி, மகன், மகள் இவங்களுக்கு மட்டும் போறதில்ல, அவரோட அம்மா அப்போ உயிரோட இருந்திருந்தா அவங்களுக்கும் சம பங்கு உண்டு. நான் பாத்த ஒரு வீட்டுல அம்மா, ரெண்டு பையன், ஒரு பொண்ணு, எல்லாரும் கையெழுத்துக்கு ரெடி, அட்வான்ஸ் வாங்கியாச்சு, வாங்குறவர் பேங்க்ல வக்கீல் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு, "அவர் இறந்தப்போ அவரோட தாயார் இருந்தாங்களா?" இருந்தாங்க. அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் பாட்டி இறந்தாங்க. அப்போ பாட்டியோட பங்கு அவங்களோட மத்த பிள்ளைங்களுக்கும், அதாவது சித்தப்பாவுக்கும் ரெண்டு அத்தைங்களுக்கும் போயிருச்சு. பேச்சுவார்த்தையே இல்லாம இருந்த அத்தை வீட்டுக்குப் பழம் வாங்கிட்டுப் போய் உக்காந்து பேசி விடுதலைப் பத்திரம், அதாவது அவங்க பங்கை விட்டுக் குடுக்குற பத்திரம், வாங்க அஞ்சு மாசம் ஆச்சு, அதுக்குள்ள வாங்க வந்தவர் வேற வீடு பாத்துட்டாரு.

கல்யாணம் பண்ணிக் குடுத்த பொண்ணுக்குப் பங்கு இல்லன்னு இன்னமும் நினைக்கிறவங்க இருக்காங்க. இருக்கு, அவங்க கையெழுத்து இல்லாம கிரயம் பண்ணா அந்த வீட்டுக்கு எந்த பேங்க்கும் லோன் குடுக்காது. கிறிஸ்தவ, இஸ்லாமிய குடும்பங்களுக்கு வாரிசு முறை வேற மாதிரி, அதை வக்கீல்கிட்ட உக்காந்து எழுதி வாங்குங்க.

வாரிசுகள் அத்தனை பேரும் சேந்து வாங்குறவருக்கு நேரடியா கிரயம் பண்ணலாம், அது ஒரு வழி. ரிஜிஸ்ட்ரேஷன் அன்னைக்கு எல்லாரும் வர முடியாதுன்னா, குடும்பத்துக்குள்ள விடுதலைப் பத்திரம் போட்டு ஒருத்தர் பேருக்கு முன்னாடியே மாத்திக்கலாம். குடும்பத்துக்குள்ளன்னா ஸ்டாம்ப் டியூட்டி 1 சதவீதம், அதிகபட்சம் 40,000 ரூபா, பதிவுக் கட்டணம் 1 சதவீதம், அதிகபட்சம் 10,000 ரூபா. இந்தச் செலவைப் பாத்து பயப்படாதீங்க, எட்டு பேரை ஒரே நாள்ல ஆபீஸுக்குக் கூட்டிட்டு வர்றது அதைவிட பெரிய பாடு.

வாரிசுல 18 வயசு ஆகாத பிள்ளை இருந்தா அந்தப் பங்கை விக்க கோர்ட் அனுமதி வேணும். அம்மா கார்டியனா கையெழுத்துப் போட்டா போதும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, அந்தப் பிள்ளை பெருசாகி கேஸ் போட்டா கிரயமே நிக்காது.

வெளிநாட்டுல இருக்குற வாரிசு வர முடியலன்னா, அங்க இருக்குற இந்தியத் தூதரகத்துல பவர், அதாவது அவருக்குப் பதிலா இங்க ஒருத்தர் கையெழுத்துப் போட அதிகாரப் பத்திரம், எழுதி அட்டெஸ்ட் பண்ணி அனுப்பலாம். அது இங்க வந்து 3 மாசத்துக்குள்ள முத்திரைத்தீர்வை கட்டிடணும். பவர் ஏஜெண்ட் கிரயம் எழுதிக் குடுக்கும்போது பவர் குடுத்தவர் உயிரோட இருக்காருன்னு ஒரு உயிர்வாழ் சான்றும் கேப்பாங்க, அதை முன்னாடியே சொல்லி வைங்க.

2. பேப்பரை எல்லாம் ஒரு ஃபைல்ல அடுக்குங்க

கட்டில் மேல ஒரு பழைய பெட்ஷீட்டை விரிச்சு, இருக்குற எல்லா பேப்பரையும் தேதி வாரியா பரப்பி வைக்கச் சொல்லுவேன். அப்படிப் பரப்பினாத்தான் நடுவுல எது இல்லைன்னு கண்ணுக்குத் தெரியும்.

வேண்டியது: உங்க கிரயப் பத்திரம் ஒரிஜினல், அதுக்கு முன்னாடி இருந்த தாய்ப்பத்திரங்கள், வில்லங்கச் சான்று (ஈசி), பட்டா அல்லது டவுன்ல இருந்தா டிஎஸ்எல்ஆர் (டவுன் சர்வே பதிவேட்டு நகல்), கட்டட பிளான் அப்ரூவல், சொத்து வரி, தண்ணி வரி ரசீது, ஈபி கார்டு. ஃபிளாட்டுன்னா இதோட அசோசியேஷன் நிலுவை இல்லைன்னு ஒரு கடிதம்.

ஈசியை குறைஞ்சது 30 வருஷத்துக்குப் போட்டுப் பாருங்க. பதிவுத்துறை வெப்சைட்ல நிறைய சார்பதிவாளர் ஆபீஸ்களுக்கு 1975ல இருந்தே ஆன்லைன்ல கிடைக்குது. நிறைய பேர் ஈசி எடுத்து ஃபைல்ல வைக்கிறதோட சரி, ஒவ்வொரு வரியையும் படிக்கிறதில்ல. படிச்சாத்தான், 1998ல ஒரு சொசைட்டில வாங்கி 2006லயே அடைச்ச லோனோட அடமானப் பதிவு இன்னமும் ரத்தாகாம நிக்கிறது தெரியும். காசு கட்டியாச்சு, பத்திரத்தையும் வாங்கியாச்சு, ஆனா ரத்து ரசீது பதிவு பண்ணல. வாங்குறவரோட பேங்க் இந்த ஒரு வரியைக் காட்டியே ஃபைலைத் திருப்பி அனுப்பிடும். அந்த சொசைட்டி வேற ஆபீஸோட இணைஞ்சிருந்தா ரெக்கார்டு தேடி எடுக்கவே மாசக்கணக்கு ஆகும்.

பட்டா இன்னமும் வித்தவர் பேர்லயே, இல்ல தாத்தா பேர்லயே இருந்தா மாத்திடுங்க. உட்பிரிவு தேவையில்லாத பட்டா மாறுதல் சீக்கிரம் முடியும், உட்பிரிவு வேணும்னா சர்வேயர் வந்து அளக்கணும், அதுக்கு நேரம் விடுங்க.

ஒரிஜினல் பத்திரம் தொலைஞ்சிருந்தா அதை மறைக்காதீங்க. போலீஸ்ல புகார், பேப்பர்ல விளம்பரம், கண்டுபிடிக்க முடியலன்னு போலீஸ் சான்று, சார்பதிவாளர் ஆபீஸ்ல சான்றிட்ட நகல், இதெல்லாம் சேத்து வெச்சாத்தான் ஓடும். முதல் சந்திப்புலயே வாங்குறவர்கிட்ட சொல்லிடுங்க, ஏன்னா ஒரிஜினல் இல்லன்னா அது எங்கயோ அடகுல இருக்குன்னுதான் முதல்ல சந்தேகம் வரும்.

இன்னொண்ணு, பேரு. பத்திரத்துல "சுப்பிரமணி", ஆதார்ல "சுப்பிரமணியன்", பான்ல இனிஷியல் வேற. இது சின்ன விஷயமா தெரியும், ஆனா பதிவு மேசையில உக்காந்திருக்கும்போதுதான் இது வெடிக்கும். ரெண்டு பேரும் ஒருத்தர்தான்னு ஒரு சான்றுக்கு வக்கீலைக் கேளுங்க, இல்லன்னா ஆதார்லயே திருத்துங்க. பான் ஆதாரோட இணைஞ்சு உயிரோட இருக்கான்னும் அப்படியே பாத்துடுங்க, இல்லன்னா பின்னாடி வாங்குறவர் உங்க விலையில பிடிக்குற வரி, அதாவது டிடிஎஸ், 1 சதவீதத்துக்குப் பதிலா 20 சதவீதம் பிடிக்க வேண்டி வரும்.

3. டேப் எடுத்து நீங்களே அளங்க

பத்திரத்துல கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி, மொத்தம் 2400 சதுர அடி, ஒரு கிரவுண்டுன்னு எழுதியிருக்கும். தரையில 38 அரை அடிதான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் காம்பவுண்டு கட்டும்போது கொஞ்சம் உள்ள வந்திருப்பாரு, இல்ல ரோட்டுக்கு விட்டதை யாரும் கழிச்சிருக்க மாட்டாங்க. வாங்குறவரோட பேங்க் இன்ஜினியர் லேசர் மீட்டர் வெச்சு ரெண்டு நிமிஷத்துல இதைக் கண்டுபிடிச்சிடுவாரு, அதுக்கு அப்புறம் குறையற ஒவ்வொரு அடிக்கும் விலை குறையும், அதைவிட மோசம் "வேற என்னென்ன மறைச்சாங்களோ"ன்னு ஒரு எண்ணம் வந்துடும்.

நாலு பக்கமும் அளந்து ஒரு பேப்பர்ல வரைஞ்சு, பத்திரம், பட்டா, எஃப்எம்பி (சர்வே துறையோட அளவு வரைபடம்) மூணோடயும் ஒத்துப் பாருங்க. சர்வே நம்பரோ எல்லையோ தப்பா டைப் ஆகியிருந்தா பிழைதிருத்தல் பத்திரம் போடணும், அதுக்கு உங்களுக்கு வித்தவரோட கையெழுத்து வேணும், அவர் இப்போ எங்க இருக்காருன்னு தேடுறதுக்கே நேரம் வேணும்.

கட்டடத்தையும் பிளானோட ஒத்துப் பாருங்க. தரைதளத்துக்கு மட்டும் அப்ரூவல் வாங்கி மேல ஒரு மாடி கட்டினது இந்தப் பக்கம் சாதாரணம். அது இருந்தா வீடு விக்காதுன்னு இல்ல, ஆனா பேங்க் அப்ரூவ் ஆன பகுதிக்கு மட்டும்தான் மதிப்பு போடும், அதனால லோன்ல வாங்குறவர் கையில இருந்து அதிகம் போட வேண்டி வரும். இது முன்னாடியே தெரிஞ்சா அந்த மாதிரி ஆளைத் தேடலாம்.

ஃபிளாட்டுன்னா யூடிஎஸ், அதாவது மொத்த நிலத்துல உங்க பங்கு, பாருங்க. பத்திரத்துல எத்தனை சதுர அடி பிரிக்கப்படாத பங்குன்னு இருக்கும். பழைய பில்டிங்ல இன்னைக்கு விலையே அந்த மண்ணுக்குத்தான்.

4. வாங்குறவருக்கு முன்னாடி நீங்க ஒரு லீகல் ஒபினியன் எடுங்க

விக்கிறவர் எதுக்கு லீகல் பாக்கணும்னு கேப்பாங்க. நான் கேக்கச் சொல்ற ஒரே கேள்வி: "சார், நீங்க ஒரு பேங்க் பேனல் வக்கீலா இருந்தா இந்த ஃபைல்ல என்ன கேப்பீங்க?" அவர் எழுதிக் குடுக்குற அந்த லிஸ்ட்தான் உங்க அடுத்த ரெண்டு மாச வேலை. அட்வான்ஸ் வாங்குன அப்புறம் அதே லிஸ்ட் வந்தா உங்க தலைக்கு மேல கெடு ஓடிட்டிருக்கும், இப்போ வந்தா ஓடாது.

5. விலை, அதோட வரி

கைடுலைன் வேல்யூவை, அதாவது அரசு வெச்சிருக்குற மதிப்பை, பதிவுத்துறை வெப்சைட்ல தெரு பேரோ சர்வே நம்பரோ போட்டுப் பாருங்க. அது சந்தை விலை இல்ல, ஆனா கீழ் எல்லை அதுதான். ஆன்லைன் விளம்பரத்துல போட்டிருக்குற விலையை நம்பாதீங்க, அது கேக்குற விலை, முடிஞ்ச விலை இல்ல. அதே தெருவுல சமீபத்துல முடிஞ்ச ரெண்டு மூணு கிரயம் எவ்வளவுன்னு விசாரிங்க, ஒரே ஏரியால வேலை பாக்குற புரோக்கருக்கு அது தெரியும்.

25, 30 வருஷத்து தனி வீட்டுக்கு மண் விலைதான் பிரதானம், கட்டடத்துக்குக் கொஞ்சம்தான் வரும். நீங்க தேக்குல போட்ட வாசக்கதவு, பூஜை ரூம்ல பாத்துப் பாத்து ஒட்டின டைல்ஸ், இதுக்கு உங்க மனசுல இருக்குற மதிப்பு எனக்குப் புரியுது, ஆனா வாங்குறவர் பாதி நேரம் இடிச்சுக் கட்டத்தான் வாங்குறாரு.

இப்போ முக்கியமானது. கையில எவ்வளவு மிஞ்சும்னு தெரியாம விலையை ஒத்துக்காதீங்க. 24 மாசத்துக்கு மேல வெச்சிருந்தா அது நீண்டகால மூலதன லாபம். 2024 ஜூலை 23க்கு முன்னாடி வாங்கின சொத்தை இங்க குடியிருக்குற தனிநபர் விக்கிறாருன்னா, பணவீக்கக் கணக்கு இல்லாம 12.5 சதவீதம், இல்ல பணவீக்கக் கணக்கோட 20 சதவீதம், ரெண்டுல எது கம்மியோ அது. எப்பவும் 12.5 தான் லாபம்னு நினைக்காதீங்க, போட்டுப் பாக்கணும்.

2005-06ல 12 லட்சத்துக்கு வாங்கி 2025-26ல 90 லட்சத்துக்கு விக்கிறீங்கன்னு வைங்க. நேரடி லாபம் 78 லட்சம், 12.5 சதவீதம்னா 9.75 லட்சம். பணவீக்கக் கணக்குக்கு அரசு வெளியிடுற இண்டெக்ஸ் 117ல இருந்து 376 ஆகியிருக்கு, அதனால 12 லட்சம் சுமார் 38.56 லட்சமா மாறும், லாபம் 51.44 லட்சம், 20 சதவீதம்னா சுமார் 10.29 லட்சம். இங்க 12.5 கம்மி. ஆனா 2012-13ல 40 லட்சத்துக்கு வாங்கின ஃபிளாட்டை 60 லட்சத்துக்கு விக்கிறவருக்கு 12.5 சதவீதத்துல 2.5 லட்சம் வரி, இண்டெக்ஸ் 200ல இருந்து 376ன்னு போட்டா வாங்குன விலையே 75.2 லட்சம் ஆயிடும், வரியே இல்ல. இதுக்கு மேல செஸ் தனி. ஒரு ஆடிட்டர்கிட்ட அரை மணி நேரம் உக்காந்தா முடியுற வேலை இது.

அந்த லாபத்தை வேற வீட்டுல போட்டா விலக்கு உண்டு: வித்த தேதிக்கு 1 வருஷம் முன்னாடி அல்லது 2 வருஷத்துக்குள்ள வாங்கணும், கட்டுறதுன்னா 3 வருஷம். வீடு வேணாம்னா 6 மாசத்துக்குள்ள குறிப்பிட்ட அரசு நிறுவன பாண்டுகள்ல 50 லட்சம் வரைக்கும் போடலாம், 5 வருஷம் எடுக்க முடியாது.

விலையைக் கம்மியா காட்டி மீதியை ரொக்கமா வாங்குறதைப் பத்தி ஒருத்தர் கண்டிப்பா உங்ககிட்ட பேசுவாரு. வேணாம். வீடு நிலம் விக்கிறதுல 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ ரொக்கமா வாங்கினா வாங்கின அளவுக்கே அபராதம் போட சட்டத்துல இடம் இருக்கு, அதுவும் வாங்கின உங்களுக்குத்தான். கைடுலைன் விலை பத்திரத்துல காட்டுற விலையைவிட 10 சதவீதத்துக்கு மேல அதிகமா இருந்தா வருமான வரில கைடுலைன் விலைக்குத்தான் கணக்கு போடுவாங்க.

6. வீட்டைத் தயார் பண்றது

பெரிய செலவு பண்ணாதீங்க, திரும்பி வராது. சொட்டுற குழாய், எரியாத லைட்டு, இறுகிப்போன தாழ்ப்பாள், ஓதம் ஏறின ஒரு சுவர், இதை மட்டும் சரி பண்ணுங்க. வீடு பாக்க வர்ற அம்மா நேரா கிச்சனுக்குப் போய் குழாயைத் திறந்து கையில தண்ணியைப் பிடிச்சு உப்பா இருக்கான்னு நாக்குல வெச்சுப் பாப்பாங்க, நான் எத்தனையோ தடவை பாத்திருக்கேன், அந்த ஒரு நொடியில பாதி முடிவு ஆயிடும். போர் எத்தனை அடி, கோடையில தண்ணி நிக்குமா, மழையில தெருவுல எவ்வளவு தண்ணி ஏறும், உண்மையான பதிலை ரெடியா வைங்க. பக்கத்து வீட்டுல கேட்டா தெரியப் போற விஷயத்தை மறைச்சு பிரயோஜனம் இல்ல.

7. புரோக்கர், விளம்பரம், ஜெராக்ஸ்

ரீசேல்ல பொதுவா ஒரு சதவீதத்துல இருந்து ரெண்டு சதவீதம் வரைக்கும் ஒவ்வொரு பக்கமும் கமிஷன் ஓடுது. எவ்வளவு, எப்போ குடுக்கணும்கிறதை வாட்ஸ்அப்லயாவது எழுதி ஒத்துக்குங்க. அட்வான்ஸ் அன்னைக்கே முழுசா குடுக்காதீங்க, பதிவு அன்னைக்குக் குடுக்குறதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது. இதை ஒரு புரோக்கரா இருந்துகிட்டுதான் சொல்றேன்: பதிவு வரைக்கும் கூட நிக்கிறவனுக்குத்தான் கமிஷன் நியாயம்.

பத்து பேர்கிட்ட சொல்லாதீங்க. பத்து பேரும் பத்து விலை சொல்லுவாங்க, வாங்குறவர் அதுல கம்மியானதைப் பிடிச்சுகிட்டு உங்ககிட்ட வருவாரு. ஏரியா தெரிஞ்ச ரெண்டு பேர் போதும், ஒரே விலை சொல்லணும்னு கண்டிப்பா சொல்லிடுங்க.

பத்திர ஜெராக்ஸை விளம்பரத்தோட சேத்து எல்லாருக்கும் அனுப்பாதீங்க. ஆள்மாறாட்டத்துக்கு வேண்டிய எல்லாமே அதுல இருக்கு, சர்வே நம்பர், பத்திர எண், கையெழுத்து. நேர்ல வந்து வீட்டைப் பாத்து விலை பேசினவருக்கு மட்டும் குடுங்க, ஒவ்வொரு பக்கத்துலயும் குறுக்கா "பார்வைக்கு மட்டும்"னு எழுதி, யாருக்குன்னு பேரும் தேதியும் போடுங்க. ஒரிஜினலைப் பதிவு நாள் வரைக்கும் யார் கையிலயும் விட்டுட்டு வராதீங்க.

8. வாங்க வந்தவர் உண்மையில வாங்குறவர்தானா

விலைக்கு முன்னாடி மூணு விஷயம் கேளுங்க. லோனா, கைக்காசா? லோன்னா பேங்க் அவர் சம்பளத்துக்கு எவ்வளவுன்னு முன்கூட்டியே சொல்லிடுச்சா? இந்த வீட்டை வாங்க அவர் வேற ஒரு சொத்தை விக்கணுமா? கடைசி கேள்விக்கு "ஆமா"ன்னா உங்க கிரயம் அவரோட கிரயத்துல தொங்கிட்டு இருக்குன்னு அர்த்தம், டைமை அதுக்கு ஏத்த மாதிரி வைங்க.

75 லட்சத்துக்கு மேல லோன்னா பேங்க் சொத்து மதிப்புல 75 சதவீதம் வரைக்கும்தான் குடுக்கலாம், 30ல இருந்து 75 லட்சம் லோனுக்கு 80 சதவீதம். ஸ்டாம்ப் டியூட்டி, பதிவுக் கட்டணம் இந்தக் கணக்குல பெரும்பாலும் சேராது. ஒரு கோடி ரூபா வீட்டுக்கு 25 லட்சம் முன்பணம், பதிவுக்கு 9 லட்சம், ஆக 34 லட்சம் அவர் கையில இருக்கணும். "20 லட்சம் இருக்கு, மீதி பேங்க் பாத்துக்கும்"னு சொல்றவரை விலையில எவ்வளவு ஏத்துக்கிட்டாலும் நம்பி வீட்டை நிறுத்தி வைக்காதீங்க.

9. டோக்கன், அக்ரிமெண்ட்

வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பாத்து வெத்தலை பாக்கு தட்டுல 11,000 ரூபா வெச்சுக் குடுப்பாங்க, அது சம்பிரதாயம், வாங்கிக்கோங்க. ஆனா அதையே அட்வான்ஸா நினைச்சு மத்தவங்களை எல்லாம் திருப்பி அனுப்பாதீங்க. ஒரு வாரத்துக்குள்ள அக்ரிமெண்ட், இல்லன்னா டோக்கன் திரும்பப் போகும்னு அப்பவே சொல்லிடுங்க.

தமிழ்நாட்டுல 2012 டிசம்பர்ல இருந்து கிரய ஒப்பந்தத்தைப் பதிவு பண்ணணும்னு சட்டம் இருக்கு. நடைமுறையில நிறைய பேர் ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டு முடிச்சிடுறாங்க. பதிவு பண்ணாத அக்ரிமெண்ட் செல்லாது, எப்ப வேணா பின்வாங்கலாம்னு விக்கிறவங்க நினைச்சா அது தப்பு. கிரயம் பண்ணிக் குடுக்கச் சொல்லி வாங்குறவர் கேஸ் போட்டா, பதிவு ஆகாத அக்ரிமெண்ட்டையும் சாட்சியமா எடுத்துக்கலாம்னு தமிழ்நாட்டு வழக்கு ஒண்ணுலயே 2023ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு.

பதிவு பண்ணா விக்கிறவருக்கு ஒரு ஆபத்து உண்டு, அதையும் தெரிஞ்சுக்கோங்க. அது ஈசில ஏறிடும். வாங்குறவர் பணம் கட்டாம காணாம போனாலும், அவர் வந்து ரத்துப் பத்திரத்துல கையெழுத்து போடுற வரைக்கும் அந்தப் பதிவு உங்க வீட்டு மேல உக்காந்திருக்கும். அதனாலதான் 8வது படியில அவ்வளவு கேள்வி கேக்கச் சொன்னேன்.

அக்ரிமெண்ட்ல விட்டுப்போற விஷயங்கள்: கெடு தேதி, மாசக் கணக்கா இல்லாம தேதியாவே எழுதுங்க. லோன் கிடைக்கலன்னா அட்வான்ஸ் முழுசா திரும்பவா, பிடித்தம் உண்டா, எத்தனை நாள்ல? டாக்குமெண்ட்ல குறை வந்தா யார் செலவுல சரி பண்றது? கப்போர்டு, இன்வெர்ட்டர், மோட்டார், ஏசி எது வீட்டோட போகுது, எது உங்களோட வருது? சிரிக்காதீங்க, ஒரு ஓவர்ஹெட் டேங்க் மோட்டாருக்காக பதிவு ஆபீஸ் வாசல்ல ரெண்டு குடும்பம் ஒரு மணி நேரம் நின்னதைப் பாத்திருக்கேன்.

அட்வான்ஸ் எல்லாமே பேங்க் வழியா. அட்வான்ஸ் வாங்கிட்டு "சும்மா பெயின்ட் அடிக்க"ன்னு சாவி கேப்பாங்க, குடுக்காதீங்க. உள்ள ஆள் வந்துட்டா மீதிப் பணத்துக்கு நீங்கதான் அலையணும்.

10. உங்க மேல லோன் இருந்தா

மறைக்காம அக்ரிமெண்ட்லயே எழுதுங்க. பேங்க்ல மூணு பேப்பர் வாங்கணும்: இன்னைய தேதிக்கு நிலுவை எவ்வளவுன்னு கடிதம், பேங்க் வசம் இருக்குற ஒரிஜினல்களோட லிஸ்ட், கடன் அடைச்சா பத்திரத்தைக் குடுத்துடுவோம்னு சம்மதக் கடிதம். வாங்குறவர் பேங்க் முதல்ல உங்க கடன் அளவுக்கு உங்க பேங்க் பேர்லயே டிடி எடுக்கும். கடன் அடைஞ்ச 30 நாளுக்குள்ள ஒரிஜினலைத் திருப்பித் தரணும், அவங்க தாமதத்துக்கு நாளுக்கு 5,000 ரூபா தரணும்னு ரிசர்வ் பேங்க் விதி 2023 டிசம்பர்ல இருந்து இருக்கு. 30 நாள்னா நிறைய நேரம் 30 நாள் முழுசா ஆகும், அதனால அக்ரிமெண்ட் கெடுவுல இதைச் சேத்து வைங்க. அடமான ரத்து ரசீதை மறக்காம பதிவு பண்ணுங்க, 2வது படியில சொன்ன அந்த வரி அடுத்தவருக்கு வராம இருக்கும்.

11. பதிவு நாள்

ரீசேலுக்கு ஸ்டாம்ப் டியூட்டி 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், வாங்குறவர் செலவு. ஆடி, மார்கழில கூட்டம் கம்மி, தை, ஆவணி முகூர்த்த நாள்ல டோக்கன் கிடைக்குறது கஷ்டம், ஆடிப்பெருக்கு மாதிரி நாளுக்கு கூடுதல் டோக்கன் விடுவாங்க. ராகு காலம் பாக்குறவங்களா இருந்தா டோக்கன் எடுக்கும்போதே நேரத்தைப் பாத்துக்குங்க, ஆபீஸ் வந்து பாத்தா ஒண்ணும் பண்ண முடியாது.

பத்திர டிராஃப்ட்டை ரெண்டு நாள் முன்னாடியே வாங்கி, சொத்து விவரத்தை ஒருத்தர் பழைய பத்திரத்தைப் பாத்து சத்தமா படிக்க, இன்னொருத்தர் புதுசுல விரல் வெச்சு ஒத்துப் பாருங்க. பேரு, சர்வே நம்பர், நாலு எல்லை, அளவு. கண்ணால மட்டும் ஓட்டினா 114க்கும் 141க்கும் வித்தியாசம் தெரியாம போயிடும், அப்படி ஒரு பிழைதிருத்தலுக்கு நான் வேலூர் வரைக்கும் போய் வித்தவரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்.

50 லட்சமோ அதுக்கு மேலயோ விலைன்னா வாங்குறவர் மொத்த விலையில 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பாரு. இது உங்க வரிக் கணக்குலதான் சேரும், நஷ்டம் இல்ல. விக்கிறவர் வெளிநாட்டுல வசிக்கிறவரா இருந்தா 1 சதவீதம் இல்ல, மொத்த விலை மேலயே 12.5 சதவீதமும் சர்சார்ஜ், செஸ்ஸும் பிடிக்கணும். அதைக் குறைக்கணும்னா முன்னாடியே வருமான வரித்துறையில குறைந்த பிடித்தச் சான்று வாங்கணும், அதுக்கு வாரக்கணக்கு ஆகும், அட்வான்ஸ் வாங்கும் முன்னாடியே ஆரம்பிங்க.

அன்னைக்கு கையில: எல்லா ஒரிஜினலும், ஆதார், பான், ரெண்டு சாட்சி அவங்க அடையாள அட்டையோட. வயசானவங்களைக் கூட்டிட்டு வந்தா முன்னாடி நாள் கைக்கு தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுங்க, வீட்டு வேலை பாத்து ரேகை தேஞ்ச பாட்டிங்களுக்கு கைரேகை மெஷின் எடுக்காம அரை நாள் உக்காந்திருக்கோம்.

மேசைக்குப் போறதுக்கு முன்னாடி டிடியை வாங்கி பேரு, தொகை, தேதி பாருங்க. ஆன்லைன்ல அனுப்பினா பேங்க்ல இருந்து உங்களுக்கு மெசேஜ் வந்த அப்புறம் மட்டும் உள்ள போங்க, அவரோட போன்ல இருக்குற ஸ்கிரீன்ஷாட்டை நம்பி கைரேகை வைக்காதீங்க. பத்திரத்துல "முழுத்தொகையும் பெற்றுக்கொண்டேன்"னு எழுதி நீங்க கையெழுத்து போட்ட அப்புறம், வரலன்னு சொல்றதுக்கு வருஷக்கணக்கா கோர்ட்டுக்குப் போகணும்.

12. பதிவுக்கு அப்புறம்

பதிவான பத்திரத்தோட ஒரு நகல் வாங்கி வைங்க, வருமான வரிக்கு வேணும். ஈபி, சொத்து வரி, தண்ணி வரி பேர் மாத்துறதுக்கு வேண்டிய சம்மதக் கடிதங்கள்ல அன்னைக்கே கையெழுத்து போட்டுக் குடுத்துடுங்க. உங்க பேர்லயே ஈபி ஓடிட்டு அவர் கட்டாம விட்டா நோட்டீஸ் உங்களுக்குத்தான். மீட்டர் ரீடிங்கை ரெண்டு பேரும் சேந்து போட்டோ எடுங்க, கேஸ் கனெக்‌ஷன், இன்டர்நெட் எல்லாத்தையும் முகவரி மாத்துங்க.

ஒண்ணு ரெண்டு மாசம் கழிச்சு உங்க 26ஏஎஸ்ல (உங்க பான்ல பிடிச்ச வரியைக் காட்டுற வருமான வரி ஸ்டேட்மெண்ட்) அந்த 1 சதவீதம் ஏறியிருக்கான்னு பாருங்க, இல்லன்னா வாங்கினவருக்கு உடனே போன் பண்ணுங்க, நாளாக ஆக அவருக்கு வட்டி ஏறும், உங்களுக்கு ரிட்டர்ன் சிக்கும். வேற வீடு வாங்க இன்னும் முடிவு பண்ணலன்னா, ரிட்டர்ன் தாக்கல் பண்ற கெடுவுக்குள்ள லாபத் தொகையை பேங்க்ல மூலதன லாபக் கணக்குன்னு தனியா ஒண்ணு திறந்து போடணும், சாதா எஃப்டில போட்டா விலக்கு கிடைக்காது.

சாவி குடுக்கும்போது மாடி கதவு, மோட்டார் ரூம், கேட்டு பூட்டு எல்லாத்துக்கும் சின்ன அட்டையில பேர் எழுதிக் கட்டிக் குடுங்க, எந்த வால்வை எந்தப் பக்கம் திருப்பினா மெட்ரோ தண்ணி ஏறும், எந்தப் பக்கம் போர் தண்ணிங்கிறதை ஒரு தடவை கூட நின்னு காட்டிட்டு வாங்க.